விழுக்காடு மட்டும் போதாது
ஒரு முதலீட்டுத் திட்டத்தை எடைபோட, நிகர நிகழ்கால மதிப்பை (வருங்கால வரவு செலவுகளை இன்றைய மதிப்புக்கு மாற்றி, முதலீட்டைக் கழித்தபின் மிஞ்சும் தொகை) கணக்கிட்டாலும் உள்ளக வருவாய் விகிதத்தை (அந்த மிச்சத்தைச் சுழியாக்கும் வட்டி விழுக்காடு) கணக்கிட்டாலும் ஒரே முடிவுதான் கிடைக்கும், ஆகவே மாணவர்கள் எளிதான இரண்டாவதைப் பயன்படுத்தலாம் என்று இந்தக் கட்டுரையின் ஆசிரியர் எழுதியிருப்பது, வழக்கமான பணவரத்து (முதலில் செலவு, பின்னர் வரவு மட்டும்) கொண்ட ஒரே ஒரு திட்டத்தை ஏற்பதா மறுப்பதா என்ற கேள்விக்கு மட்டுமே பொருந்தும். இரண்டு திட்டங்களில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்ற நிலையில் உள்ளக வருவாய் விகிதம் தவறான வழியைக் காட்டக்கூடும். 1,000 முதலிட்டு ஓராண்டில் 1,500 தரும் திட்டத்தின் விகிதம் 50 விழுக்காடு. 10,000 முதலிட்டு 12,500 தரும் திட்டத்துக்கோ 25 விழுக்காடுதான். மூலதனச் செலவு (முதலீட்டுப் பணத்தைத் திரட்டுவதற்கு ஆண்டுக்கு ஆகும் செலவு) 10 விழுக்காடு என்றால் முதலாவதன் நிகர நிகழ்கால மதிப்பு ஏறக்குறைய 364, இரண்டாவதற்கு 1,364. கூடுதலாகப் போடும் 9,000-க்கு 11,000 திரும்பி வருவதால், அந்தக் கூடுதல் தொகையே 22 விழுக்காட்டுக்கு மேல் ஈட்டுகிறது என்பதைத் தேர்வுத்தாளில் பலரும் கவனிப்பதில்லை. விழுக்காடுதான் மேலாளர்களுக்குச் சட்டென்று விளங்கும் என்று கட்டுரைக்கு மற்றொரு வாசகர் மேலே கருத்திட்டிருப்பதை மறுக்கவில்லை. ஆனால் பங்குதாரர் கையில் சேர்வது விழுக்காடு அன்று, பணம். சுரங்கத்தை மூடும்போது நிலத்தைச் சீரமைக்கச் செலவிடுவதுபோல் இறுதியில் மீண்டும் பணம் வெளியேறும் திட்டங்களில் சிக்கல் இன்னும் பெரிது: இன்று 1,000 செலவு, முதலாண்டில் 2,300 வரவு, இரண்டாமாண்டில் 1,320 செலவு என்ற கணக்குக்கு 10, 20 ஆகிய இரு விழுக்காடுகளுமே சரியான விடைகள், எக்செல் அவற்றுள் ஒன்றை மட்டும் காட்டிவிட்டு அமைதியாக இருந்துவிடும்.