கடைசியாக வரும் பிள்ளைக்கு மட்டும் ஓய்வு கிடையாதா?

பள்ளியிலிருந்து ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை இரண்டு நாள் மலையேற்றத்துக்கும் கூடார முகாமுக்கும் அழைத்துச் சென்றபோது, உதவிக்குப் போன பெற்றோரில் நானும் ஒருத்தி. வரிசையின் கடைசியில் யாரும் தவறிவிடாமல் பார்த்துக்கொண்டு வரும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். திரும்பி வந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. அங்கே பார்த்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

என்ன நடந்தது என்றால், முன்னால் போனவர்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் பையை இறக்கி வைத்து, தண்ணீர் குடித்து, படம் எடுத்து, கால் நீட்டி உட்கார்ந்து பின்னால் வருபவர்களுக்காகக் காத்திருந்தார்கள். நாங்கள் மூச்சு வாங்க அந்த இடத்தை எட்டிய உடனேயே, "எல்லாரும் வந்தாச்சா? கிளம்பலாம்!" என்று குரல் வரும். நன்றாக நடக்கக்கூடிய பிள்ளைகளுக்கு அன்று ஆறு முறை ஓய்வு கிடைத்தது. ஓய்வு தேவைப்பட்ட நான்கு பிள்ளைகளுக்கோ மதிய உணவு நேரத்தைத் தவிர ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. பையின் பக்கவாட்டில் இருக்கும் தண்ணீர் பாட்டிலை எடுக்கக்கூட நேரம் தராமல் நடக்கவிட்டால், அந்தப் பிள்ளை அடுத்த ஏற்றத்தில் இன்னும் பின்தங்காமல் வேறு என்ன செய்யும்?

நேரத்தைக் கணக்கிட்ட விதம் இன்னொரு கொடுமை. முதல் நாள் 12 கிலோமீட்டர் தூரம், 600 மீட்டர் ஏற்றம். இதற்கு உணவு நேரத்தையும் சேர்த்து நான்கு மணி நேரம் என்று போட்டிருந்தார்கள். ஸ்காட்லாந்து மலையேறியான வில்லியம் நைஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதன்மேல் 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அதன்படியே பார்த்தாலும் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம் வருகிறது. அதுவும் பழக்கமுள்ள, உடல் உறுதியுள்ள பெரியவர் எங்கும் உட்காராமல் நடந்தால் ஆகும் நேரம். இதுவரை மலைப்பாதையில் காலே வைத்திராத பதினான்கு வயதுப் பிள்ளைகள் முதுகில் சுமையோடு அந்த வேகத்தில் ஏறுவார்கள் என்று எதை வைத்து முடிவு செய்தார்கள்? நாங்கள் போய்ச் சேர ஏழு மணி நேரம் ஆனது.

சுமையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எல்லோருக்கும் ஒரே பட்டியல், ஒரே கூடாரப் பங்கு. என்னோடு நடந்த ஒரு சிறுமியின் எடை 42 கிலோ என்று அவளே சொன்னாள். முகாமில் இருந்த கைத்தராசில் அவள் பையை மாட்டிப் பார்த்தேன். 11 கிலோ காட்டியது. அதாவது அவள் எடையில் கால் பங்குக்கும் மேல். இரவு தங்கும் பயணங்களில் பெரியவர்களுக்கே ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம் என்பார்கள். அதே 11 கிலோவை 68 கிலோ எடையுள்ள ஒரு பையனும் சுமந்தான். அவனுக்கு அது ஆறில் ஒரு பங்குகூட ஆகாது. புறப்படும் முன் பத்து நிமிடம் ஒதுக்கி, கூடாரத்தின் துணியை ஒருவரிடமும் கம்பிகளை இன்னொருவரிடமும் மாற்றிக் கொடுத்திருந்தால் போதுமே!

அந்தச் சிறுமிக்குப் பிற்பகலிலேயே குதிகால் எரியத் தொடங்கியிருக்கிறது. எரிச்சல் தெரிந்த உடனே ஷூவைக் கழற்றி ஒரு பிளாஸ்டர் ஒட்டியிருந்தால் கொப்புளம் வராமலே போயிருக்கலாம். ஆனால் அவள் வாய் திறக்கவில்லை. நின்றால் இன்னும் பின்தங்கிவிடுவோம், முன்னால் இருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள் என்ற பயம். "ஆன்ட்டி, நீங்க முன்னாடி போங்க, எனக்காக நிக்காதீங்க" என்று மட்டும் இரண்டு முறை சொன்னாள். மாலையில் சாக்ஸைக் கழற்றியபோது அது குதிகாலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் விட்டு நனைத்து நனைத்துத்தான் எடுத்தேன். தோல் உரிந்து சிவந்திருந்த அந்த இடம் ஒரு பெரிய நாணயத்தின் அளவு இருந்தது.

நாங்கள் முகாமை அடைந்தபோது இருட்டிவிட்டது. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பநிலை சுமார் 6 டிகிரி குறையும் என்பதைப் பாடத்தில் நடத்தும் ஆசிரியர்கள், வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டையோடு மலைமேல் நின்று நடுங்கும் பிள்ளையைப் பார்த்து, "போய்க் கூடாரத்தைப் போடு" என்கிறார்கள். ஈரப் பருத்தி உடம்போடு ஒட்டிச் சூட்டை உறிஞ்சிவிடும். பட்டியலில் "டி-ஷர்ட் மூன்று" என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு, சீக்கிரம் உலரும் துணியாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கத் தெரியவில்லை. இத்தனைக்கும் நடுவே, முதலில் வந்து சேர்ந்த குழுவுக்குக் கைதட்டலும் பரிசும் வேறு!

பொறுப்பாசிரியரிடம் அன்று இரவே பேசினேன். "கஷ்டப்பட்டால்தான் மனவலிமை வரும்" என்றார். எந்தக் கஷ்டம் ஐயா? ஏற்றத்தின் கஷ்டத்தைப் பற்றி நான் முறையிடவில்லை. அந்த நான்கு பிள்ளைகளும் அதைத் தாங்கித்தான் மேலே வந்தார்கள். மெதுவாக நடப்பவரை வழிகாட்டிக்கு அடுத்ததாக முன்னால் விட்டு, அவர் வேகத்தில் எல்லோரும் நடந்தால் வரிசை அறுந்துபோகாது என்பது மலையேறுபவர்களுக்குப் பழகிய வழக்கம். கடைசிப் பிள்ளை வந்து சேர்ந்த பிறகே ஓய்வு நேரத்தை எண்ணத் தொடங்குவதற்குப் பயிற்சியும் வேண்டாம், பணமும் வேண்டாம். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, அதற்கு மனவலிமை என்று பெயர் சூட்டுவதை என்னால் ஏற்க முடியாது.

என் மகன் முதலில் போய்ச் சேர்ந்த குழுவில் இருந்தவன். பயணம் அருமையாக இருந்தது என்றும், பின்னால் வந்தவர்களால்தான் தாமதம் என்றும் வீட்டுக்கு வந்து சொன்னான். அவனைக் குறை சொல்லி என்ன பயன்? பெரியவர்கள் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். அடுத்த பயணத்துக்கான ஒப்புதல் படிவம் மேசைமேல் கிடக்கிறது. அதே பட்டியல், அதே நான்கு மணி நேரக் கணக்கு. கடைசியாக வரும் பிள்ளைக்கு எத்தனை நிமிடம் ஓய்வு என்று அவர்கள் எழுதித் தரும்வரை நான் அதில் கையெழுத்துப் போடப் போவதில்லை.