கழுத்துல தொங்குற பட்டன்

மஸ்கெலியாவுல தனியா இருக்குற அம்மாயிக்கு கழுத்துல மாட்டுற அவசர பட்டன் வாங்கிக் கொடுத்தோம். விழுந்தா அமுக்கணும், உள்ள இருக்குற சிம் எங்களுக்குக் கோல் எடுக்கும். நல்ல சாமான்தான். ஆனா அம்மாயி இருக்குற தோட்டத்து லயத்து வீட்டுல சிக்னலே ஒரு கோடு, தண்ணி புடிக்கப் போற, பாசி புடிச்ச பீலிக்கரையில அதுவும் இல்ல. வழுக்கி விழுற இடமே அதுதானே! 1990க்கு அடிச்சா அம்புலன்ஸ் காசில்லாம வரும், அடிக்கவும் சிக்னல் வேணுமே. மழை காத்துக்கு கரண்டும் போயிரும், சார்ஜும் இறங்கிரும். பொறகு நடுச்சாமத்துல அது இங்கிலீஷ்ல ‘லோ பெட்டரி’ன்னு பேசும். அம்மாயி பதறி எழும்பி, “எவன்டா அது?”ன்னு தடியைத் தேடும். (தடி தேடுறப்பதான் விழப்போகுது.) தமிழ்க் குரல் ஒண்ணு பதிஞ்சு போட என்ன கேடு? விக்கிறவங்க ஒருக்கா பீலிக்கரை வரைக்கும் நடந்து பாத்துட்டு விலை சொல்லட்டும்.