ஊட்டி உறைபனியை நம்பி லைலாக் வைக்காதீர்கள்

"ஊட்டியில்தான் உறைபனி விழுகிறதே, லைலாக் வைத்தால் மறுவருடமே பூத்துத் தள்ளும், ஜனவரியில் கவாத்து செய்தால் போதும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தப்பு.

லைலாக், மணமுள்ள கொத்துப்பூ பூக்கும் செடி; தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் மலைகளைச் சேர்ந்தது. மொட்டு விழிக்க வாரக்கணக்கில் விடாத குளிர் வேண்டும். ஊட்டிக்குப் பக்கத்துத் தலைகுந்தாவில் விடியற்காலை புல் வெளுத்துக் கிடந்தாலும், பத்து மணிக்கெல்லாம் ஸ்வெட்டரைக் கழற்ற வைக்கும் வெயில் வந்துவிடுகிறது. சாதாரண ரகம் என்றால் பெரும்பாலும் இலைதான் மிச்சம். ஆசை விடவில்லையா, கலிஃபோர்னியாவின் மிதமான குளிருக்காக உருவாக்கிய 'லாவண்டர் லேடி' ரகத்தைத் தேடிப் பாருங்கள். அதுவும் பூக்கச் சில வருடம் எடுக்கும்.

கவாத்து யோசனை இன்னும் மோசம். பூ உதிர்ந்தபின் வளரும் கிளைகளின் நுனியிலேயே அடுத்த வருட மொட்டு உருவாகிவிடும். ஜனவரியில் கத்தரியை எடுத்தால் வரவேண்டிய பூவைத்தான் வெட்டுகிறீர்கள். பூ முடிந்த கையோடு வெட்டிவிட வேண்டும்.

அப்புறம் மண். நம் மலையில் இருப்பது தேயிலைக்குப் பிடித்த அமில மண், லைலாக்குக்கு ஆகாது. தேயிலைத் தோட்டங்களில் அமிலத்தைக் குறைக்கப் போடும் டோலமைட் கல்தூளையே கொஞ்சம் கலந்து, தண்ணீர் நிற்காத மேட்டில், நல்ல வெயிலில் வையுங்கள்.