பாஸ்தா வேகும் தண்ணீரில் எண்ணெய் விட்டால் ஒட்டாதா?

"கொதிக்கும் தண்ணீரில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டால் பாஸ்தா ஒட்டாது" என்ற குறிப்பு சுற்றி வருகிறது. தவறு. எண்ணெய் மேலே மிதக்கும். பாஸ்தா அடியில் கிடக்கும். பொங்கி வழிவதை அது சற்றுக் குறைக்கலாம், அவ்வளவுதான்.

ஒட்டுவது முதல் இரண்டு நிமிடத்தில். மேற்பரப்பு மாவுச்சத்து அப்போது பசையாகும். அந்த நேரம் விடாமல் கிளற வேண்டும். இத்தாலியக் கணக்கு: 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. தண்ணீர் குறைந்தால் கஞ்சி போலாகும்; கிளறாவிட்டால் ஒட்டும்.

வடிக்கும்போதுதான் எண்ணெய் பாஸ்தாமேல் படியும். பிறகு சாஸ் பிடிக்காமல் வழுக்கித் தட்டின் அடியில் தேங்கும். வடித்த தண்ணீரில் அரை கப் எடுத்துவையுங்கள். பாஸ்தாவைச் சாஸில் போட்டு, அந்தத் தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டு ஒரு நிமிடம் புரட்டினால் சாஸ் பளபளவென்று ஒட்டிக்கொள்ளும்.