காது கேட்கும் கருவி செவியைக் கெடுப்பதில்லை

"கருவி மாட்டினால் மிச்சமிருக்கும் கேட்கும் திறனும் போய்விடும், வீட்டில் கத்திப் பேசினாலே போதும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. இதை நம்பி யாரும் பெற்றோரின் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

முதுமையில் கேட்கும் திறன் குறைவதற்குப் பெரும்பாலும் உட்செவியில் ஒலியை உணரும் மயிர்ச் செல்கள் அழிவதே காரணம். கருவி அணியாமல் இருந்தாலும் அவை மீண்டும் வளர்வதில்லை. பரிசோதித்துச் சரியாகப் பொருத்திய கருவி அவற்றை அழிப்பதும் இல்லை. முதலில் மங்குவது பொதுவாக 'ச', 'ஸ' போன்ற மெல்லிய, உயர் அதிர்வெண் ஒலிகள். கத்தும்போது 'அ', 'ஆ' போன்ற உயிரொலிகள்தான் பெருகுகின்றன, சொல் தெளிவதில்லை. கேட்பவருக்கோ, திட்டுவதுபோலவே இருக்கும். வெளிச்சத்தில் முகம் பார்த்து, ஒருவர் பின் ஒருவராக, நிதானமாகப் பேசுங்கள்.

நானும் கருவி அணிபவன். தொடக்கத்தில் மின்விசிறியும் பாத்திரச் சத்தமும் தலைக்குள் இடித்தன. கழற்றி வீசாமல் என்னைத் தாங்கியது, எனக்கு முன்பே கருவி அணிந்த சித்தப்பாவின் பேச்சு. "தினமும் கொஞ்ச நேரம் கூட்டிக்கொண்டே போ, மூளை பழகிக்கொள்ளும்" என்றார். அப்படியே பழகியது.

செலவுதான் தயக்கமென்றால், மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் வழங்கும் மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டத்தில் வருமானத்தைப் பொறுத்து இலவசமாகவோ பாதி விலையிலோ கருவி கிடைக்கும். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் மட்டும் காத்திருக்கவே கூடாது. அன்றே மருத்துவரிடம் போங்கள்.