ஒரு எக்ஸ் விடுபட்டால் பாதி கேச் காலி

பிராசஸர் விலை இறங்கியிருக்கிறதே என்று அக்கா மகனுக்கு கம்ப்யூட்டர் போட ரிச்சி தெருவுக்குப் போனால் ரத்தம்தான் கொதிக்கிறது. விலை இறங்கினால் வாங்குகிறவனுக்கு நிம்மதி வர வேண்டாமா? எதைக் குறைத்துவிட்டு விலையைக் குறைத்தார்கள் என்று துப்பறிந்துகொண்டல்லவா நிற்க வேண்டியிருக்கிறது!

நான் கேட்டது ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 7 5700எக்ஸ் பிராசஸர். கொட்டேஷனில் எழுதித் தந்தது 5700. கேட்டால், "ரெண்டும் ஒண்ணுதான் சார், எட்டு கோர்" என்கிறார் கடைக்காரர். கோர் என்பது உள்ளே கணக்குப் போடுகிற பகுதி. அது எட்டு என்பதால் மட்டும் எப்படி ஒன்றாகும்? எக்ஸ் போட்டதில் எல்3 கேச், அதாவது அடிக்கடி வேண்டிய தகவலைப் பிராசஸர் தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிற வேகமான நினைவகம், 32 எம்பி. எக்ஸ் இல்லாததில் 16 எம்பி, சரிபாதி! கிராபிக்ஸ் கார்டுக்குத் தகவல் போகிற பாதையான பிசிஐஇயும் 4.0க்குப் பதில் வேகம் குறைந்த 3.0. கேம் ஆடுகிற பையனுக்கு அந்தக் கேச்தான் முக்கியம். ரைசன் 5 வரிசையில் 5600க்கும் 5500க்கும் நடுவிலும் இதே வித்தியாசம்தான். உள்ளே வேறு சில்லை வைத்துவிட்டு, ஒரு எழுத்தோ எண்ணோ மட்டும் மாறுகிற பெயரைச் சூட்டினால் சாதாரண மனிதன் எப்படிக் கண்டுபிடிப்பான்?

இன்டெல் பக்கம் போனால் எஃப் என்கிற எழுத்து. ஐ5 12400எஃப் கொஞ்சம் மலிவு, ஆனால் திரையில் படம் காட்டுகிற கிராபிக்ஸ் உள்ளே கிடையாது. தனி கார்டு போடுகிறவருக்கு நல்ல சரக்கு, சரி. டேலியும் பிரவுசரும் மட்டும் ஓட்டுகிற சின்னக் கடைக்காரர் தலையில் அதைக் கட்டினால்? மானிட்டரில் ஒன்றும் வராது. மிச்சம் பிடித்த பணத்துக்கு மேலேயே கார்டுக்கு அழ வேண்டும். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டில் உட்காருகிற பிராசஸர் மலிந்துவிட்டது என்று போனாலோ, பழைய டிடிஆர்4 ராம் அதில் பொருந்தாது. டிடிஆர்5 புதிதாக வாங்கியாக வேண்டும்.

எல்லாவற்றையும் விட வயிறு எரிவது "ஐ7 கம்ப்யூட்டர், அடிமாட்டு விலை" என்று விற்கிறார்களே, அதைப் பார்த்துத்தான். எந்தத் தலைமுறை என்று வாயே திறப்பதில்லை. தோண்டித் துருவினால் ஐ7 4770, 2013இல் வந்தது. 2022இல் வந்த ஐ3 12100க்கும் அதே நான்கு கோர், எட்டு த்ரெட்தான் (ஒரே நேரத்தில் எட்டு வேலையை ஓட்டும்). ஆனால் வேகத்தில் அந்த ஐ7ஐ அனாயாசமாக முந்திவிடும். விண்டோஸ் 11க்கு இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும், இது நாலாம் தலைமுறை. விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. பிள்ளை படிக்கட்டும் என்று கடன் வாங்கி வருகிற அப்பாவிடம், ஏழு ஐந்தைவிடப் பெரியது என்கிற ஒரே நம்பிக்கையை வைத்து இதைத் தள்ளிவிடுகிறார்களே, மனசாட்சி வேண்டாமா?

மாடல் எண்ணைக் கடைசி எழுத்துவரை பில்லில் எழுதுங்கள். பழையதென்றால் தலைமுறையைச் சொல்லி விற்றுவிட்டுப் போங்கள், யார் வேண்டாம் என்றார்கள்? கேள்வி கேட்கிறவன் மேல் எரிந்து விழாதீர்கள். இதை எழுதித் தர மறுக்கிற கடையில் இனி ஒரு மவுஸ் பேட்கூட வாங்கப்போவதில்லை நான்.