ஃப்ரீரென் மெதுவாத்தான் போகும், அதனால என்ன?

"ஒண்ணுமே நடக்கல, தூக்கம் வருது"ன்னு 'ஃப்ரீரென்'ங்கிற ஜப்பானிய அனிமே தொடரைப் பத்தி எழுதியிருக்கீங்க. 10ஆவது எபிசோடு வரைக்கும் பார்த்தீங்களா? ஆரான்னு ஒரு அரக்கி, யாரோட மந்திர சக்தி அதிகம்னு எடைபோடுற அவளோட தராசு தன் பக்கம்தான் சாயும்னு இறுமாப்பா நிக்க, கதாநாயகியான மந்திரவாதி ஃப்ரீரென் அத்தனை காலமா அடக்கி வச்ச சக்தியைத் திறந்துவிடுவா. தட்டு டக்குன்னு ஃப்ரீரென் பக்கம் இறங்கும். கத்தல் கூப்பாடு எதுவும் கிடையாது.

எனக்கு அதைவிடப் பிடிச்சது 14ஆவது எபிசோடுதான். அவளோட பழைய பயணத் தோழன், வீரன் ஹிம்மெல், நகை வாங்கித் தரேன்னதும் ஃப்ரீரென் ஏதோ ஒரு மோதிரத்தை எடுத்து நீட்டுவா. அதுல இருக்கிற பூவுக்கு நிலையான காதல்னு அர்த்தம், அதுவே அவளுக்குத் தெரியாது. அவன் மண்டியிட்டு விரல்ல போட்டுவிடுவான், ஒரு வார்த்தை பேசமாட்டான். அந்த இடத்துல நிறுத்தி மறுபடி ஓட்டிப் பார்த்தேன்.

இதோட முதல் சீசனை இயக்கின சைட்டோ கெய்இச்சிரோதான் 2022ல 'போச்சி தி ராக்'ங்கிற காமெடி அனிமேயையும் இயக்கினார். அந்தக் கலாட்டாவைப் பண்ணின ஆளா இதுன்னு இருக்கு!

குறையே இல்லைன்னு சொல்லல. முதல் சீசன் மொத்தம் 28 எபிசோடு. 18ல ஆரம்பிக்கிற மந்திரவாதித் தேர்வுல ஆளுங்க கூட்டம் ஜாஸ்தி, பாதிப் பேர் பெயர் மனசுல நிக்கல. நீங்க அதைத் திட்டியிருந்தா நானும் சேர்ந்து திட்டியிருப்பேன்.